துடுப்புப் படகுகளுக்கு ஒரு நீர்வழித்தடம்: ஊர் கூடித் திட்டமிடுவது எப்படி?

ஆறு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் படகு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியிருக்க நாம் புதிதாக எதைத் திட்டமிடப் போகிறோம்? முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் இதைக் கேட்பார். அவசியமான கேள்விதான். நாம் திட்டமிடப்போவது கரையை. படகை எங்கே தண்ணீரில் இறக்குவது, எங்கே கரையேறுவது, நடுவில் களைத்துப்போனால் எங்கே ஒதுங்குவது, எந்த இடத்தில் கட்டாயம் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும், அந்த மண் யாருடையது, அவர் சம்மதித்தாரா, அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் படகுத்துறையை யார் சுத்தம் செய்வார்கள் என்று பார்த்தால் வேலை முழுக்கக் கரையில்தான் இருக்கிறது. இதை மனதில் நிறுத்திக்கொண்டால், அழகான வரைபடமும் பெயர்ப்பலகையும் போட்டுத் திறந்துவிட்டு இரண்டே வருடத்தில் கைவிடப்படும் தடங்களில் நம்முடையதும் ஒன்றாகாமல் தப்பிக்கலாம்.

கயாக், கனூ, நின்று துடுப்பிடும் பலகை, காற்றடைத்த சிறு படகு போன்ற, கையால் துடுப்பிட்டு ஓட்டும் படகுகளுக்கான தடம் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். ஆறு, ஏரி, கால்வாய், கழிமுகம், கடலோரம் எதுவானாலும் அடிப்படை வேலை ஒன்றே.

யாருக்காக, எவ்வளவு தூரம்?

"எல்லாருக்கும்" என்று பதில் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிக்காதீர்கள். குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கான தடமும், மூன்று நாள் கூடாரமடித்துப் போகிறவர்களுக்கான தடமும் வேறு வேறு. முதல் வகைக்கு அமைதியான நீர், அடுத்தடுத்துத் துறைகள், கழிப்பறை, நிழல் வேண்டும். இரண்டாவது வகைக்கு இரவு தங்குமிடமும் குடிநீரும் அதிக தூரமும் வேண்டும். ஒரே ஆற்றில் இரண்டையும் அமைக்கலாம். ஆனால் எந்தப் பகுதி யாருக்கு என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும்.

தூரத்தை நேரமாக மாற்றிப் பாருங்கள். ஓட்டமில்லாத நீரில் புதியவர்கள் மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் போவார்கள். 12 கிலோமீட்டர் என்பது மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 3 மணி நேரத் துடுப்பு. அதோடு ஓய்வு, சாப்பாடு, பறவை பார்க்க நிற்பது, எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்தால் 5 மணி நேரம் ஆகிவிடும். புதியவர்களுக்கான பகுதியில் துறைக்குத் துறை 6 முதல் 8 கிலோமீட்டர் போதும். பழகியவர்களுக்கு 15, 20 கூட வைக்கலாம். இரண்டு துறைகளுக்கு நடுவே அவசரத்துக்குக் கரையேற ஓரிடமாவது இருக்க வேண்டும். அது படகு இறக்க வசதியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மனிதர்கள் ஏறி ஒரு சாலையை அடைய முடிந்தால் போதும்.

இன்று பெரிதாகத் தெரியும் தடங்களும் துண்டு துண்டாகத்தான் பயன்படுகின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைச் சுற்றிவரும் 1,515 மைல் கடலோரத் தடத்தை 26 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நியூயார்க்கில் தொடங்கி, கனடாவின் கியூபெக்கைத் தொட்டு, மேய்ன் மாநிலத்தில் முடியும் 740 மைல் நார்தர்ன் ஃபாரஸ்ட் கனூ டிரெயிலுக்கு 13 வரைபடங்கள் உண்டு. அவற்றைப் பயன்படுத்துகிறவர்களில் மிகப் பலர் ஒரு நாள், இரண்டு நாள் பயணிகளே. ஆகவே நீங்களும் ஒரு நாளில் முடியும் ஒரு பகுதியை முதலில் எடுங்கள். அதை ஒழுங்காகச் செய்து, ஒரு முழு வருடம் நடத்திப் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

குழுவில் யார் இருக்க வேண்டும்?

படகுக்காரர்கள் மட்டும் கூடினால் திட்டம் வேகமாக நகரும், பிறகு மொத்தமாக முட்டி நிற்கும். ஆற்றை நம்பிப் பிழைக்கும் மீனவர்கள், தூண்டில் போடுகிறவர்கள், கரையோர நில உரிமையாளர்கள், உள்ளாட்சி அமைப்பு, அணையையோ மதகையோ இயக்குகிறவர்கள், தீயணைப்பு மீட்புப் படை, பறவைகளையும் மீன்களையும் அறிந்த ஒருவர், சக்கர நாற்காலியில் வந்து படகு ஏறும் ஒருவர் என்று இத்தனை பேரும் ஆரம்பத்திலிருந்தே இருக்க வேண்டும். எல்லாம் வரைந்து முடித்த பிறகு கருத்துக் கேட்கக் கூப்பிட்டால் அதை யாரும் மரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இவர்களில் மீனவர்களை நான் முதலில் வைப்பேன். எந்த மாதம் எங்கே மணல் திட்டு எழும்பும், எந்த வளைவில் மரம் விழும், வலைகள் எந்த நேரத்தில் எங்கே கிடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வலை விரித்திருக்கும் நேரத்தில் அந்த இடத்தில் படகுகள் போகாமல் இருக்க ஒரு நேர ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் பாதிச் சண்டை வராமலே போகும்.

சட்டப்படிப் பொறுப்பேற்கும் அமைப்பு எது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பதிவு பெற்ற சங்கமாக இருக்கலாம், உள்ளாட்சியாக இருக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, காப்பீடு எடுக்க, நன்கொடை வாங்க ஒரு பெயர் வேண்டும்.

தண்ணீரில் இறங்கிப் பாருங்கள்

செயற்கைக்கோள் படம் ஒரு தொடக்கம் மட்டுமே. தடம் முழுவதையும் படகில் போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் ஒரு முறை போதாது. நீர் குறைந்த காலத்தில் ஒரு முறை, நடுத்தரமாக ஓடும்போது ஒரு முறை, உயர்ந்து ஓடும்போது, அனுபவம் மிக்கவர்களை மட்டும் கொண்டு, ஒரு முறை. ஒரே ஆறு மூன்று நேரத்திலும் மூன்று விதமாக இருக்கும். நீர் குறையும்போது பாறைகளும் சேறும் வெளியே வரும்; எத்தனை இடத்தில் படகை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது என்று தெரியும். நீர் உயரும்போது பாலத்துக்கு அடியில் தலை தட்டும், துறைகள் மூழ்கும், கரையோர மரக்கிளைகள் நீர்மட்டத்துக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஒரு புதியவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது, உயர்நீர்ப் பயணத்தைத் தவிர. பழகிய கைகளுக்கு ஒரு பக்கச் சுழல் பொருட்டே இல்லை. அதைக் குறிப்பேட்டில் எழுதக்கூடத் தோன்றாது. புதியவர் எங்கே தடுமாறுகிறார், எங்கே பயப்படுகிறார், எந்தத் துறையைப் பார்க்காமலே கடந்து போகிறார் என்பதுதான் நமக்குத் தேவையான தகவல். நேரத்தையும் அவருடைய வேகத்தில்தான் குறிக்க வேண்டும்.

ஒவ்வொரு இடத்திலும் ஜிபிஎஸ் புள்ளி, எந்தக் கரை, கரையின் சரிவு, மண்ணின் தன்மை, நீரின் ஆழம், ஓட்டத்தின் வேகம், ஒரே சமயத்தில் எத்தனை படகு நிற்கலாம், அருகிலுள்ள சாலை எது, செல்போன் சிக்னல் கிடைக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இடது கரை, வலது கரை என்பதை நீர் போகும் திசையைப் பார்த்து நின்றுதான் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க ஆற்றுப் படகுக்காரர்கள் பின்பற்றும் வழக்கம் அது. குழுவில் ஒருவர் மாற்றி எழுதினாலும் பின்னால் பலகை தப்பான கரையில் நிற்கும். அப்புறம் புகைப்படம். கரையில் நின்று எடுக்காதீர்கள். படகில் உட்கார்ந்து, மேல்நீர்ப் பக்கத்திலிருந்து, அதாவது நீர் வரும் திசையிலிருந்து, 200 மீட்டர் தொலைவில் ஒன்றும் 50 மீட்டரில் ஒன்றும் எடுங்கள். பயணி பார்க்கப்போவது அந்தக் காட்சியைத்தான்.

கழிமுகமாகவோ கடலோரமாகவோ இருந்தால் ஓதத்தை, அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கத்தை, கணக்கில் எடுக்க வேண்டும். கடல் நீர் சீராக ஏறி இறங்குவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் மொத்த உயரத்தின் பன்னிரண்டில் 1 பங்கு, அடுத்து 2, பிறகு 3, மறுபடி 3, பிறகு 2, கடைசியில் 1 பங்கு என்று ஏறும் என்பது மாலுமிகளின் தோராயக் கணக்கு. நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதி ஏற்றம் நடந்துவிடுகிறது, ஓட்டமும் அப்போதுதான் வலுவாக இருக்கும். உயர் ஓதத்தில் அழகாகத் தெரியும் துறை, தாழ் ஓதத்தில் முழங்கால் சேறாக மாறிவிடலாம். இரண்டு நேரத்திலும் போய்ப் பார்க்காமல் எந்தத் துறையையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கரை யாருடையது?

நீர், நீருக்கு அடியிலுள்ள தரை, கரை என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மூன்று உரிமையாளர்கள் இருக்கலாம். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் உள்நாட்டு நீர்நிலைகளில் செல்லும் உரிமையைக் கொடுக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படி இல்லை. உரிமம் வாங்கிச் செல்லும் ஆறுகள் சில, கரை உரிமையாளரோடு சிக்கல் வரக்கூடியவை பல. அமெரிக்காவில் படகு செல்லத்தக்க ஆறு என்பதன் வரையறையே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. ஆகவே உங்கள் நீர்நிலைக்கு எது பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் போக உரிமை இருப்பதால் மட்டும் கரையில் கால் வைக்கும் உரிமை வந்துவிடாது.

நில உரிமையாளரைப் பார்க்கப் போகும்போது வரைபடத்தை விரிக்கும் முன் அவர் பேசுவதைக் கேளுங்கள். அவர்களுடைய கவலை பெரும்பாலும் குப்பை, வாசலை அடைத்து நிற்கும் வண்டிகள், இரவுச் சத்தம், யாராவது வழுக்கி விழுந்தால் தன் மேல் வழக்கு வருமோ என்ற பயம், இவற்றைச் சுற்றியே இருக்கும். எல்லாமே நியாயமான கவலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: எந்த எல்லைக்குள் மட்டும் வரலாம், எந்த நேரம் வரை, யார் சுத்தம் செய்வார்கள், விபத்துக்குப் பொறுப்பு யாருடையது, பிரச்சினை வந்தால் யாரை அழைப்பது. அமெரிக்க மாநிலங்களில், கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளரின் பொறுப்பைக் குறைக்கும் சட்டங்கள் இருக்கின்றன. உங்கள் நாட்டில் அப்படி ஒன்று இருந்தால் அதன் நகலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஒப்பந்தத்திலிருந்து அவர் எளிதாக விலகிக்கொள்ளும் வழியையும் எழுதுங்கள். கேட்கும்போது இது நமக்குப் பாதகமாகத் தோன்றும். ஆனால் வெளியே போகும் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் பலர் உள்ளே வருவார்கள். மேய்ன் மாநிலக் கடலோரத்தில் 1988இல் தொடங்கிய தீவுத் தடம் இதற்கு நல்ல சாட்சி. அரசுக்குச் சொந்தமான சிறு தீவுகளை வைத்துத் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் தீவுகளைச் சுத்தமாக வைத்திருப்பதைப் பார்த்துத் தனியார் உரிமையாளர்களும் தங்கள் தீவுகளைச் சேர்த்தார்கள். இன்று 200க்கும் மேற்பட்ட இடங்கள் அதில் இருக்கின்றன.

ஒருவர் மறுத்தால் விட்டுவிடுங்கள். வரைபடத்தில் அவருடைய கரையை "இறங்க அனுமதி இல்லை" என்று தெளிவாகக் குறித்து, அந்தக் குறிப்பை அவருக்கே காட்டுங்கள். தன் மறுப்பு மதிக்கப்படுகிறது என்று அறிந்தவர் பின்னாளில் மனம் மாறக்கூடும்.

துறை அமைப்பது

இந்தத் தடத்தின் உயிர் துறையில்தான் இருக்கிறது. பணமும் உழைப்பும் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும்.

இடத்தேர்வை ஆற்றின் போக்கு முடிவு செய்யட்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் நீர் வேகமாகவும் ஆழமாகவும் ஓடிக் கரையை அரிக்கும். அங்கே கட்டியது சரிந்து போகும். உள்பக்கத்தில் நீர் மெதுவாக ஓடும், இறங்க வசதியாக இருக்கும், ஆனால் வெள்ளம் ஒவ்வொன்றும் அங்கே மணலையும் வண்டலையும் கொட்டிவிட்டுப் போகும். நேராக ஓடும் பகுதியோ, ஒரு பாறை மூக்குக்குக் கீழே நீர் வேகம் தணிந்து நிற்கும் இடமோதான் நல்லது. கிளையாறு சேரும் வாயிலில் ஓட்டம் குழம்பும், திட்டும் உருவாகும்; அந்தக் கிளையாற்றுக்குள் சற்றுத் தள்ளிப் போனால் அமைதியான இடம் கிடைக்கலாம். பாலத் தூணுக்கோ தடுப்பணைக்கோ சற்று மேலே படகு இறக்கும் துறை ஒருபோதும் வேண்டாம். ஏறும்போது கவிழ்ந்த புதியவரை ஓட்டம் நேராக அங்கேதான் கொண்டுபோகும்.

கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு கிட்டத்தட்ட நீர்மட்டத்திலேயே இருக்கிறது. மோட்டார் படகுக்காகக் கட்டிய உயரமான மேடையால் அவருக்குப் பயனில்லை. நீர்மட்டம் அதிகம் மாறாத ஏரியிலும் கால்வாயிலும் தாழ்வான மிதவை மேடை பொருந்தும். ஏறி இறங்கும் ஆற்றில் அகலமான படிகள் நல்லவை. நீர் எங்கே நின்றாலும் ஏதோ ஒரு படி நீர்மட்டத்தில் இருக்கும், பக்கத்தில் படகைச் சறுக்கிவிட இரண்டு மரச்சட்டங்களைப் பதித்துவிடலாம். சரிவுப்பாதை என்றால் கற்சல்லியோ, வரிவரியாகக் கீறிய சிமெண்ட்டோ இருக்கட்டும். வெறும் மரமும் வழவழப்பான சிமெண்ட்டும் பாசி பிடித்தால் ஆளைச் சாய்த்துவிடும். ஓடும் ஆற்றில் சரிவுப்பாதையை நீரோட்டத் திசைக்குச் சற்றே சாய்த்து அமைத்தால் குப்பையும் வண்டலும் குறைவாகச் சேரும்.

சக்கர நாற்காலியில் வருகிறவருக்குச் சரிவு 12க்கு 1 என்ற அளவைத் தாண்டக் கூடாது. நாற்காலியைத் திருப்ப 1.5 மீட்டர் சமதளமும், நாற்காலியிலிருந்து படகுக்கு நகர்ந்து மாற ஒரு பலகையும், கைப்பிடியும் வேண்டும். எல்லாத் துறையிலும் இதைச் செய்ய முடியாமல் போகலாம். ஆனால் ஒரு துறையில் மட்டும் செய்துவிட்டு அடுத்ததை விட்டுவிட்டால் ஏறியவர் இறங்க முடியாது. குறைந்தது அடுத்தடுத்த இரண்டு துறைகளில் சேர்த்துச் செய்யுங்கள்.

கயாக் 3 முதல் 5 மீட்டர் நீளம், கடல் கயாக் அதற்கும் மேல். இரண்டு பேர் முன்னும் பின்னும் தூக்கிக்கொண்டு நடக்கும் பாதையில் கூர்மையான திருப்பமும் தாழ்ந்த கிளையும் இருக்கக் கூடாது. வண்டி நிறுத்துமிடம் நீரிலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. சாமான்களை அடுக்க, காற்றடிக்க, லைஃப் ஜாக்கெட் மாட்ட ஒரு சமதளத்தைத் துறையை விட்டுத் தள்ளி ஒதுக்குங்கள். இல்லையென்றால் எல்லாரும் துறையிலேயே உட்கார்ந்து அதையெல்லாம் செய்வார்கள், பின்னால் வருகிறவர்கள் நீரில் காத்து நிற்பார்கள்.

எத்தனை வண்டி நிறுத்த இடம் விடுகிறோமோ, ஏறக்குறைய அத்தனை படகுதான் தண்ணீருக்கு வரும். ஆறு தாங்கும் கூட்டம் எவ்வளவு என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற வண்டி நிறுத்துமிடத்தைப் போடுங்கள். பின்னால் தடை போடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆறு ஒரே திசையில் ஓடுவதால் முடிக்கும் இடத்திலிருந்து தொடங்கிய இடத்துக்குத் திரும்பும் வழியையும் யோசிக்க வேண்டும். பேருந்து நிறுத்தமோ ரயில் நிலையமோ பக்கத்தில் இருக்கும் துறைகளை ஜோடியாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வண்டி கொண்டுவரும் தொல்லை குறையும்.

முதல் துறையில் கழிப்பறை இல்லாவிட்டால் முதல் புதர்தான் கழிப்பறையாகும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆபத்துகள்

தடுப்பணையைப் பற்றித்தான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே வழிந்து விழும் நீர் அடித்தரைக்குப் போய் மோதி மேலெழும்புகிறது. மேலெழும்பிய நீரில் ஒரு பகுதி மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பி ஓடுகிறது. அதில் சிக்கியவரை அது திரும்பத் திரும்ப அணைச் சுவரடிக்கு இழுத்து அமுக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் வெளியே வருவது கடினம். காப்பாற்றப் போன மீட்புப் படையினரே இறந்த சம்பவங்கள் உண்டு. ஒரு மீட்டர் உயரமே இருக்கும் அணைகூட இப்படிச் செய்யும். அதைவிட மோசம், மேல்நீரிலிருந்து வருகிறவருக்கு அணை கண்ணுக்கே தெரியாது. அமைதியான நீரும் அதன் முடிவில் ஒரு நேர்கோடும் மட்டும்தான் தெரியும்.

அதனால் தடுப்பணைக்கு வெகு முன்பே, நீர் உயர்ந்து ஓடும் நாளிலும் எளிதாக அடையக்கூடிய இடத்தில் கரையேறும் துறை வேண்டும். படகைச் சுமந்து அணையைக் கடக்கும் பாதை எந்தக் கரையில் இருக்கிறதோ அதே கரையில் இருக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை ஒன்று போதாது: தொலைவில் ஒன்று, துறைக்குச் சற்று முன் ஒன்று, துறையில் ஒன்று. சுமந்து செல்லும் பாதை அணைக்குக் கீழே கலங்கல் அடங்கிய இடத்தில் முடிய வேண்டும். இதையெல்லாம் ஏதோ காரணத்தால் செய்ய முடியவில்லையா? அணைக்கு மேலேயே தடத்தை முடித்துவிடுங்கள், கீழே தனியாக இன்னொரு பகுதியைத் தொடங்குங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

அடுத்தது, நீரில் விழுந்து கிடக்கும் மரம். கிளைகளுக்கு ஊடே நீர் போகும், ஆள் போக முடியாது. ஓட்டம் ஆளைக் கிளையோடு சேர்த்து அழுத்திவிடும். மரம் ஒவ்வொரு புயலுக்கும் புதிதாக விழும் என்பதால் இதை வரைபடத்தில் குறித்துப் பயனில்லை. புகார் சொல்ல ஓர் எண்ணும், போய்ப் பார்க்க ஓர் ஆளும் வேண்டும். மரத்தை முழுவதும் அகற்றாதீர்கள். மீன்கள் ஒதுங்குவதும் அங்கேதான். ஒரு படகு போகும் அளவுக்கு மட்டும், அதுவும் அனுமதி வாங்கி வெட்டினால் போதும்.

குளிர்ந்த நீர் பற்றி ஒரு கணக்கு உண்டு. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய அந்தக் கணக்கு 1, 10, 1 என்று போகிறது. மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் பயன்படும்படி அசைவது 10 நிமிடம் வரைதான், உடல் குளிர்ந்து நினைவு தவற ஏறக்குறைய 1 மணி நேரம். லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் அந்தக் கடைசி ஒரு மணி நேரம் கிடைக்கவே கிடைக்காது. குளிர்ப் பிரதேசத் தடத்தில் இந்த மூன்று எண்களும் ஒவ்வொரு துறைப் பலகையிலும் இருக்கலாம்.

ஒவ்வொரு பகுதிக்கும் உலக அளவில் வழங்கும் 1 முதல் 6 வரையிலான கடினத் தரத்தைக் கொடுங்கள். ஊர்த் தடம் என்றால் மிக எளிதான 1இல் நிற்பது நல்லது. தரத்தோடு நீர்மட்டத்தையும் இணைக்க வேண்டும், ஏனென்றால் உயர்நீரில் தரமே மாறிவிடும். தொடங்கும் துறைக்கு அருகில் பாலத் தூணில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நீர்மட்டக் கோடு வரைந்துவிட்டால் படிக்கத் தெரியாத சிறுவனுக்கும் புரியும். மேலே அணை இருந்தால் நீர் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிவிக்க ஓர் ஏற்பாடு தேவை. கழிவுநீர் கலக்கும் ஆறாக இருந்தால் கனமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் இறங்க வேண்டாம் என்று எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, அதன் அமைவிடத்தோடு மீட்புப் படைக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். பதற்றத்தில் இருப்பவருக்கு ஊர்ப் பெயர் வராது, பலகையில் உள்ள எண்ணைச் சொல்ல முடியும். மீட்புப் படை தங்கள் படகை எங்கே இறக்கும் என்பதை அவர்களோடு ஒரு நாள் ஒத்திகை பார்த்தால் இன்னும் நல்லது.

ஆற்றில் ஏற்கெனவே வாழ்பவை

கூடு கட்டும் காலத்தில் மணல் திட்டுகளையும் சில தீவுகளையும் மூடிவிட வேண்டும். எந்த மாதங்கள் என்பதைப் பறவைகளை அறிந்தவர் சொல்லட்டும். தங்குமிடங்களில் கழிவுக்குழி நீரிலிருந்து 60, 70 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

படகு வழியாகப் பரவும் உயிரினங்களைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஸீப்ரா மஸ்ஸல் எனப்படும் வரிச்சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாதவை. படகின் அடியில் தேங்கிய நீரில் இருந்தே அடுத்த ஏரிக்குப் போய்விடும். நியூசிலாந்தில் 2004இல் டிடிமோ என்ற பாசி ஓர் ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டதும், பார், கழுவு, காயவை என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். உங்கள் தடம் இரண்டு நீர்நிலைகளை இணைக்கிறது என்றால் நடுவிலுள்ள துறையில் கழுவும் இடம் கட்டாயம் வேண்டும். கழுவிய நீர் ஆற்றுக்குள் ஓடாமல் மண்ணில் இறங்க வேண்டும்.

வரைபடமும் பலகையும்

தூரத்தைக் கழிமுகத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுங்கள். தடத்தை மேலே நீட்டினாலும் பழைய எண்கள் மாறாது. அச்சு வரைபடம் நனையாத தாளில், ஈரக் கையோடு மடிக்காமல் படிக்கும் அளவில் இருக்கட்டும். செல்போன் வரைபடமும் ஜிபிஎஸ் கோப்பும் இருக்கட்டும், ஆனால் அவற்றை மட்டும் நம்ப வேண்டாம்; பேட்டரி தீரும், போன் நீரில் விழும். மாறக்கூடிய தகவல்களை அச்சில் போடாதீர்கள்.

பலகைகள் குறைவாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும். நீரிலிருந்து படிக்க வேண்டிய பலகையில் நான்கைந்து சொல்லும் ஓர் அம்புக்குறியும் போதும். வரலாறு, பறவைப் பெயர்கள், நன்கொடையாளர் பெயர்கள் எல்லாம் கரையிலுள்ள பலகைக்கு. கரையேறும் துறையின் பலகை மேல்நீரைப் பார்த்து நிற்க வேண்டும், திரும்ப நேரம் இருக்கும் தூரத்தில். வைத்த பிறகு ஒரு புதியவரைப் படகில் அனுப்பி, எங்கிருந்து அவர் கண்ணில் பட்டது என்று கேளுங்கள்.

திறந்த பிறகு

திறப்பு விழாவுக்கு முன் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பொறுப்பாளரைக் கண்டுபிடித்துவிடுங்கள். பள்ளி, மீனவர் சங்கம், படகு மன்றம், பக்கத்து வீட்டுக் குடும்பம், யாராக இருந்தாலும் சரி. ஆள் கிடைக்காத துறையை இந்த வருடம் திறக்காதீர்கள். மாதம் ஒரு முறை பார்வை, வெள்ளத்துக்குப் பிறகு ஒரு முழு ஆய்வு, வருடத்துக்கு ஒரு முறை எல்லாரும் சேர்ந்து துப்புரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திட்டமிடும்போது கட்டும் செலவோடு ஐந்து வருடப் பராமரிப்பையும் சேர்த்தே கேளுங்கள். கொடுக்கிறவர்கள் புதிய மேடைக்கு மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள், வண்டல் அள்ளுவதற்குக் கொடுக்க மாட்டார்கள்.

துறையில் ஒரு குறிப்பேடு வைத்து, எத்தனை பேர், எந்தப் படகு, என்ன சிரமம் என்று எழுதச் சொல்லுங்கள். விபத்தாகாமல் தப்பியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த பலகை எங்கே வேண்டும் என்பதை அவைதான் காட்டும். முதல் வருடக் கடைசியில் அந்தக் குறிப்பேட்டோடு நில உரிமையாளர்களையும் மீனவர்களையும் மறுபடி போய்ப் பாருங்கள். எந்தத் துறையில் கூட்டம் நெரிகிறது, எங்கே கரை அரிக்கிறது, யாருக்கு வாக்குக் கொடுத்ததை நாம் செய்யவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் உள்ளவற்றை முடித்த பிறகு, அடுத்த 8 கிலோமீட்டருக்கான கணக்கெடுப்பைத் தொடங்கலாம்.